மானிட்டர் 4கே, படம் மட்டும் மங்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூரில் ஷூ பேட்டர்ன் வரைபவர், ஆரணியில் பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுபவர், வேலூர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர், காட்பாடி விடுதியில் லேப்டாப்போடு ஒரு பெரிய மானிட்டரை இணைத்த மாணவர் என்று எல்லோரிடமிருந்தும் வரும் குறை ஒன்றுதான்: பெட்டியில் 4கே என்று போட்டிருக்கிறது, திரையில் அது தெரியவில்லை. தண்ணீர் இல்லாத ஆறு என்று பாலாற்றைச் சொல்வார்களே, அந்த மாதிரி புள்ளிகள் எல்லாம் இருந்தும் படம் இல்லாத மானிட்டர். அதற்கான பதில்கள் இவை.

புது 4கே மானிட்டரில் எழுத்து பெரிதாக, ஓரம் மங்கி நிற்கிறது. மானிட்டர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. மானிட்டரின் அடியிலோ பின்னாலோ உள்ள பட்டனை அழுத்தி, மெனுவில் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்துக்குப் போங்கள். இப்போது உள்ளே வருகிற சிக்னல் என்ன என்று அங்கே காட்டும். அங்கே 1920×1080 என்று இருந்தால், கம்ப்யூட்டர் அனுப்புவதே அவ்வளவுதான். 1080பி படத்தில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் (3840×2160) சுமார் 83 லட்சம். ஒரு புள்ளியை நான்காக இழுத்து நிரப்பினால் எழுத்து மங்காமல் என்ன செய்யும்?

விண்டோஸ் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் டெஸ்க்டாப் மோடு, ஆக்டிவ் சிக்னல் மோடு என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது விண்டோஸ் வரைகிற அளவு, இரண்டாவது கேபிளில் போகிற அளவு. இரண்டும் வேறாக இருந்தால், நடுவில் கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) படத்தைச் சுருக்கியோ நீட்டியோ அனுப்புகிறது.

அப்படியென்றால் எங்கே அடைபடுகிறது?

பைபாஸ் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வண்டி தேங்குகிறது அல்லவா, அதே கதைதான். கிராஃபிக்ஸ் சிப், கம்ப்யூட்டரின் போர்ட், நடுவில் கன்வெர்ட்டர் இருந்தால் அது, கேபிள், மானிட்டரின் போர்ட், மானிட்டர் மெனுவில் உள்ள செட்டிங் ஆகிய ஆறில் எது குறுகலோ அதுதான் ரெசொல்யூஷனை, அதாவது எத்தனை புள்ளிகளில் படம் வரும் என்பதை, முடிவு செய்யும். மற்ற ஐந்துக்கும் எவ்வளவு பணம் கொட்டினாலும் பயனில்லை.

எது குறுகல் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஒரு நொடிக்கு எத்தனை புள்ளிகள் போகின்றன என்பதைப் பிக்ஸல் கிளாக் என்பார்கள், அது மெகாஹெர்ட்ஸில். வெறும் ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. 1920×1080, 60 ஹெர்ட்ஸுக்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 2560×1440, 60க்கு 241.5. அகலத் திரை 3440×1440, 60க்கு ஏறக்குறைய 320. 4கே, அதாவது 3840×2160, 30 ஹெர்ட்ஸ் என்றால் 297. அதையே 60 ஹெர்ட்ஸில் ஓட்ட 594.

இனி வழியின் அகலம், அதாவது எச்.டி.எம்.ஐ., டி.வி.ஐ., டிஸ்ப்ளே போர்ட், வி.ஜி.ஏ. என்ற போர்ட் வகைகள் எவ்வளவு தாங்கும் என்பது. பழைய எச்.டி.எம்.ஐ., சிங்கிள் லிங்க் டி.வி.ஐ. இரண்டும் 165 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 1920×1200 தாண்டாது. டூயல் லிங்க் டி.வி.ஐ. 2560×1600 வரை போகும். 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4க்கு உச்சம் 340, அதனால் 4கே வரும், ஆனால் 30 ஹெர்ட்ஸில் மட்டும். 2013இல் வந்த 2.0 உச்சம் 600, இங்கேதான் 4கே 60 முதன்முதலில் உள்ளே நுழைகிறது. 2.1க்குக் கவலையே இல்லை. டிஸ்ப்ளே போர்ட்டில் 1.1 என்றால் 2560×1600, 1.2 என்றால் 4கே 60, 1.4 என்றால் 4கே 120. வி.ஜி.ஏ. அனலாக் சிக்னல், 1080பிக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

உங்கள் மானிட்டருக்கு வேண்டிய எண்ணையும் போர்ட்டின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

விண்டோஸில் எங்கே மாற்றுவது?

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ். இரண்டு திரை இருந்தால் மேலே 1, 2 என்று கட்டம் இருக்கும். முதலில் பெரிய மானிட்டரின் கட்டத்தைத் தொடுங்கள். இதை விட்டுவிட்டு லேப்டாப் திரையின் ரெசொல்யூஷனை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பிறகு டிஸ்ப்ளே ரெசொல்யூஷன் பட்டியலில் ரெகமெண்டட் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை கறுத்துவிட்டால் எதையும் தொடாமல் 15 நொடி பொறுங்கள், பழைய அளவுக்குத் தானாகத் திரும்பிவிடும்.

பட்டியலில் அந்த அளவே இல்லை என்றால் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே, டிஸ்ப்ளே அடாப்டர் பிராப்பர்டீஸ், லிஸ்ட் ஆல் மோட்ஸ் என்று போய்ப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. கீழே உள்ள கேள்விகளில் ஒன்றுதான் உங்களுடையது.

1024×768க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

இரண்டே காரணம். முதலாவது, டிரைவர் இல்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் வரியைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால், விண்டோஸ் புதிதாகப் போட்டவர் கிராஃபிக்ஸ் டிரைவர் போடாமல் விட்டுவிட்டார். லேப்டாப் என்றால் அதன் கம்பெனி தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்குங்கள். அசெம்பிள் செய்த சி.பி.யூ. என்றால் இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா மூன்றில் உங்கள் சிப் எதுவோ அதன் தளம். டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம் என்று வரும் மூன்றாம் ஆள் மென்பொருள் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்வது கம்ப்யூட்டரின் காதில் விழவில்லை. ஒவ்வொரு மானிட்டரும் தன்னால் காட்ட முடிந்த அளவுகளை ஒரு சின்னப் பட்டியலாக வைத்திருக்கும். ஈ.டி.ஐ.டி. என்பது அதன் பெயர். அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். படம் போகிற அதே கேபிளில் தனிக் கம்பி வழியாக அது வரும். அந்தக் கம்பி அறுந்தாலோ பின் வளைந்தாலோ படம் வரும், பட்டியல் வராது. கம்ப்யூட்டரும் எதற்கு வம்பு என்று சின்ன அளவிலேயே நின்றுவிடும். வி.ஜி.ஏ. கேபிளிலும் மலிவான கன்வெர்ட்டரிலும் இது அதிகம். கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

லேப்டாப்போடு மானிட்டர் இணைத்தால் மானிட்டரும் 1366×768 ஆகிவிடுகிறது.

டூப்ளிகேட்டில் இருக்கிறீர்கள். இரண்டு திரையிலும் ஒரே படம் வேண்டும் என்றால் இரண்டுக்கும் பொதுவான அளவுக்குத்தான் விண்டோஸ் இறங்கும். விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி எக்ஸ்டெண்ட் அல்லது செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி வையுங்கள். செலவில்லாமல் தீர்கிற குறை.

கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் மாற்றமில்லையே?

கேபிள் எங்கே குத்தியிருக்கிறது என்று பாருங்கள். சி.பி.யூ.வின் பின்பக்கத்தில் யூ.எஸ்.பி., லேன் போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் செங்குத்தாக இருப்பது மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. அதற்குக் கீழே படுக்கைவசமாக இருப்பதுதான் கார்டு. அங்கே மாற்றுங்கள்.

கார்டும் எல்லாம் ஒன்றல்ல. மலிவு விலைக்கு அதிகம் விற்ற ஜி.டி. 710இல் எச்.டி.எம்.ஐ. 1.4தான், 4கே 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது. ஜி.டி. 1030இல் 2.0 இருக்கிறது, 4கே 60 வரும், 30 வாட்டுக்குள் ஓடுவதால் தனி பவர் கேபிளும் கேட்காது. மெலிதான ஆபீஸ் கேபினெட்டுக்கு வாங்கினால் லோ புரொஃபைல் பட்டை (கார்டைப் பொருத்தும் குட்டைத் தகடு) பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் கார்டை உட்கார வைக்கவே முடியாது.

4கே வந்துவிட்டது, ஆனால் மவுஸ் தத்தித் தத்தி வருகிறது.

30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. இன்டெல் 4ஆம் தலைமுறையிலிருந்து 10ஆம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப் சிப்களின் சொந்த எச்.டி.எம்.ஐ. 1.4 தரம்தான். (சில மதர்போர்டுகளில் தனிச் சிப் வைத்து 2.0 கொடுத்திருப்பார்கள், மேனுவலில் 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் நம்பலாம்.) 11ஆம் தலைமுறையில் 2.0 வந்துவிட்டது. அதே பழைய சி.பி.யூ.வில் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் அதற்கு மாறினாலே 60 கிடைக்கும்.

மானிட்டர் மெனுவையும் விடாதீர்கள். பழைய கருவிகளோடு ஒத்துப்போகட்டும் என்று சில மானிட்டர்கள் எச்.டி.எம்.ஐ. 1.4 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.1 என்ற செட்டிங்கோடு வரும். அதை 2.0, 1.2 என்று மாற்றி ஒருமுறை அணைத்துப் போட்டால் பட்டியலில் 60 ஹெர்ட்ஸ் வந்து நிற்கும். விண்டோஸில் அதைத் தேர்ந்தெடுக்கும் இடம் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கம்.

30 ஹெர்ட்ஸிலேயே வேலை செய்யலாமா என்றால், பேட்டர்ன் வரைகிறவர்களுக்கு அது தலைவலிதான். 4கே 30ஐ விட 1440பி (2560×1440) 60 தேவலை.

செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் சி.பி.யூ.வில் 4கே கிடைக்குமா?

கிடைக்கும், மாடலைப் பார்த்து வாங்கினால். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வருகிற டெல் ஆப்டிப்ளெக்ஸ் பெட்டிகள் பலவற்றில் பின்னால் இரண்டு டிஸ்ப்ளே போர்ட் இருக்கும். ஒரு மூலை மட்டும் வெட்டினது போல இருக்கும் செவ்வகத் துளை அது. பலர் அதை எச்.டி.எம்.ஐ. என்று நினைத்து அழுத்திக் கெடுக்கிறார்கள். 2012இல் வந்த ஆப்டிப்ளெக்ஸ் 7010, 3ஆம் தலைமுறை, 2560×1600 வரைதான். 9020இல் (4ஆம் தலைமுறை), 7040இல் (6ஆம் தலைமுறை) டிஸ்ப்ளே போர்ட் வழியாக 4கே 60 வரும். எதிரில் மானிட்டரிலும் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் ஒரு கேபிள் செலவோடு முடிந்தது.

மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான். எந்தக் கன்வெர்ட்டர் வாங்குவது?

டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு இரண்டு வகை உண்டு. பாஸிவ் வகை வெறும் கம்பி மாற்றி. அதில் ஒரு ரகம் 165 மெகாஹெர்ட்ஸோடு நிற்கும், இன்னொன்று 300. அதாவது மிஞ்சினால் 4கே 30. ஆக்டிவ் வகையில் உள்ளே சிப் இருக்கும். 4கே 60 என்று எழுதியிருக்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள். வெறும் 4கே சப்போர்ட் என்று எழுதியிருந்தால் 30 என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இவை ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட் முனை கம்ப்யூட்டரிலும் எச்.டி.எம்.ஐ. முனை மானிட்டரிலும் இருக்க வேண்டும். லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ., மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் என்றால் அதே கேபிளைத் திருப்பிப் போட்டு வேலைக்காகாது. அதற்கு யூ.எஸ்.பி. கரண்டில் ஓடும் வேறு கன்வெர்ட்டர் உண்டு, விலையும் கூட.

டைப்-சி போர்ட்டில் குத்தினால் படமே வரவில்லை.

எல்லா டைப்-சியிலும் படம் வராது. டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோடு, அதாவது டைப்-சி வழியாகவே டிஸ்ப்ளே போர்ட் சிக்னலை அனுப்பும் வசதி, இருக்க வேண்டும். போர்ட்டுக்குப் பக்கத்தில் டி, பி எழுத்துகள் சேர்ந்த குறியோ தண்டர்போல்ட் மின்னல் குறியோ இருந்தால் உண்டு. குறி இல்லையென்றால் மாடலின் விவரக் குறிப்பைப் பாருங்கள். போன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிளும் பெரும்பாலும் உதவாது, படம் கடத்தும் கம்பிகள் அதில் இருக்காது.

ஹப் வழியாகப் போட்டு 4கே 30 மட்டும் வந்தால், ஹப் பாதிப் பாதையை யூ.எஸ்.பி. 3க்கு ஒதுக்கிவிட்டது. டைப்-சியில் மொத்தம் நான்கு லேன், அதாவது தடங்கள். அதில் இரண்டு மட்டும் படத்துக்குப் போனால் டிஸ்ப்ளே போர்ட் 1.2 லேப்டாப்பில் 60 வராது.

கேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

கவரில் அச்சடித்த 2.0, 2.1 என்பதை அல்ல. எச்.டி.எம்.ஐ.யில் ஹை ஸ்பீடு, பிரீமியம் ஹை ஸ்பீடு, அல்ட்ரா ஹை ஸ்பீடு என்று தரம் உண்டு. முறையே நொடிக்கு 10.2, 18, 48 கிகாபிட். 4கே 60க்குப் பிரீமியம் போதும். 2 மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர், 10 மீட்டர் என்று சுவருக்குள் இழுத்த சாதாரணக் கேபிளில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்குவதும், நிமிடத்துக்கு ஒருதரம் திரை கறுத்துத் திரும்புவதும் நடக்கும். ரெசொல்யூஷனைக் குறைத்ததும் அந்த மினுக்கல் நின்றால் குற்றம் கேபிளுடையதே.

டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் ஒரு கூத்து உண்டு. சில மலிவுக் கேபிள்களில் 20ஆவது பின்னையும் இரு முனைக்கும் இணைத்திருப்பார்கள். அது பவர் பின். மானிட்டரின் கரண்ட் கம்ப்யூட்டருக்குள் ஏறும். கேபிள் குத்தியிருந்தால் சி.பி.யூ. பூட் ஆகாது, பிடுங்கினால் ஆகும் என்றால் இதுதான். அந்தக் கேபிளை வேறு எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

1440பி மானிட்டர், பழைய லேப்டாப். 1920×1080தான் வருகிறது.

இன்டெல் 3ஆம் தலைமுறை லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. 225 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 1440பி 60க்கு வேண்டியது 241.5, கொஞ்சத்தில் தவறுகிறது. கிராஃபிக்ஸ் மென்பொருளில் கஸ்டம் ரெசொல்யூஷன் என்ற பகுதியில் 2560×1440 என்று கொடுத்து ஹெர்ட்ஸை 55 அல்லது 50 ஆக்குங்கள். டைமிங் என்ற இடத்தில் சி.வி.டி. ரெட்யூஸ்டு பிளாங்கிங் வைக்க வேண்டும், சாதாரண சி.வி.டி. அதிக இடம் பிடிக்கும். பெரும்பாலான மானிட்டர்கள் இதை ஏற்றுக்கொள்ளும். 3440×1440க்கும் 4ஆம் தலைமுறை லேப்டாப்பில் இதே வைத்தியம், 50 ஹெர்ட்ஸில்.

முழு ரெசொல்யூஷன் வந்ததும் எல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

ரெசொல்யூஷனைக் குறைக்காதீர்கள், ஸ்கேலை ஏற்றுங்கள். 27 அங்குல 4கே மானிட்டரில் அங்குலத்துக்கு 163 புள்ளிகள், 24 அங்குல 1080பியில் 92. 4கேவுக்கு 150 சதவீதம் வைத்தால் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் பிரிந்து தெளிவாகத் தெரியும். 27 அங்குல 1440பிக்கு 100 சதவீதமே போதும்.

டி.டி.பி. கடைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளுக்கு இந்த ஸ்கேல் விவகாரம் தெரியாது. விண்டோஸ் அதைப் படமாக எடுத்து நீட்டிக் காட்டும், மங்கும். ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிளிட்டி, சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ், அதில் ஓவர்ரைடு டிக் செய்து சிஸ்டம் என்ஹான்ஸ்டு. எழுத்து கூர்மையாகும். அதற்கும் மசியாவிட்டால் அப்ளிகேஷன் என்று வையுங்கள். கூர்மையாக இருக்கும், ஆனால் மெனு குட்டியாகிவிடும்.

டி.வி.யையே மானிட்டராக வைத்தால் ஓரம் வெட்டுப்படுகிறது, சிவப்பு எழுத்து கலங்குகிறது.

ஓரம் வெட்டுப்படுவது ஓவர்ஸ்கேன். டி.வி. மெனுவில் எல்.ஜி. என்றால் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங் என்றால் ஃபிட் டு ஸ்கிரீன் வையுங்கள். எழுத்து கலங்குவது நிறத் தகவலைக் குறைத்து அனுப்புவதால். 4:2:0 என்று சொல்வார்கள். சினிமா பார்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது, கறுப்பில் சிவப்பு எழுத்து வைத்தால் பல்லிளிக்கும். எல்.ஜி.யில் அல்ட்ரா எச்.டி. டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ் என்பதை நீங்கள் குத்திய எச்.டி.எம்.ஐ.க்கு ஆன் செய்து, அந்த இன்புட்டின் பெயரைப் பி.சி. என்று மாற்றுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் ரெசொல்யூஷன் குறைந்துவிடுகிறது.

கரண்ட் திரும்பும்போது சி.பி.யூ. முந்திக்கொண்டு எழும், மானிட்டர் இன்னும் தன் ஈ.டி.ஐ.டி. பட்டியலைக் கொடுக்கத் தயாராகியிருக்காது. மானிட்டரைச் சுவர் சுவிட்சில் அணைத்து, கேபிளைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, மானிட்டரை முதலில் போட்டுப் பிறகு சி.பி.யூ.வைப் போடுங்கள். யூ.பி.எஸ். இருந்தால் மானிட்டரையும் அதிலேயே இணையுங்கள்; சி.பி.யூ.வுக்கு மட்டும் பேக்கப் கொடுத்து எதையும் பார்க்காமல் ஷட் டவுன் செய்வது எப்படி?

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பா?

உண்டு. எர்த் சரியில்லை. அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்.டி.எம்.ஐ. குத்தினால் போர்ட் போய்விடலாம்; முதலில் கெடுவது பட்டியலைப் படிக்கும் மெல்லிய கம்பிகள், அதனால் ரெசொல்யூஷன் கோளாறாகவே தொடங்கும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அணைத்த பிறகே கேபிள் குத்துங்கள். டி.வி.க்கு கேபிள்காரர் ஒயர் வந்தால் அதையும் முதலில் கழற்றிவிடுங்கள், வெளியிலிருந்து அதில் கசிவு வரும்.

ஒரே பில்லிங் கம்ப்யூட்டர், ஸ்பிளிட்டர் (ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் பெட்டி) வைத்து இரண்டு திரை. பெரிய திரை முழு அளவில் வரவில்லை.

ஸ்பிளிட்டர் பெரும்பாலும் இரண்டில் சின்னத் திரையின் பட்டியலைத்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பெரிய மானிட்டர் முழு அளவில் வேண்டுமானால் ஸ்பிளிட்டரை எடுத்துவிட்டு இரண்டு போர்ட்டில் தனித்தனியாகக் கொடுங்கள்.

இன்புட் நாட் சப்போர்ட்டட் என்று மிதக்கிறது, எதுவும் தெரியவில்லை.

பழைய சின்ன மானிட்டரைக் குத்தி, அளவைக் குறைத்துவிட்டு மாற்றுங்கள். அது கைவசம் இல்லையென்றால் விண்டோஸின் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 3 அழுத்தினால் குறைந்த ரெசொல்யூஷனில் எழும்.

உபுண்டு, மேக்?

உபுண்டுவில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ். என்விடியா கார்டு என்றால் அடிஷனல் டிரைவர்ஸ் பகுதியில் டிரைவர் போட்ட பிறகு பாருங்கள். மேக்கில் 4கே மானிட்டருக்கு 1920×1080 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், அது எழுத்தின் அளவு. புள்ளிகள் முழுதாகவே போகின்றன. எம்1 மேக்புக் ஏரில் வெளி மானிட்டர் ஒன்றுதான்.

கடையிலிருந்து கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

லேப்டாப்பையோ, முடிந்தால் சி.பி.யூ.வையோ கையோடு கொண்டுபோங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே கேபிளில் குத்தச் சொல்லி, மானிட்டரின் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறங்கள். 3840×2160, 60 என்று அங்கே தெரிந்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.